சுவரில் இருக்கும் கோடு, கணக்கில் இல்லாத வெள்ளம்

2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்தபோது, ‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்ற பேச்சு சென்னை முழுக்க அடிபட்டது. கேட்டவர்களில் பலர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள்: இந்த நூற்றாண்டுக்கு உண்டானது வந்துவிட்டது, இனி 2115ல் பார்த்துக்கொள்ளலாம். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் நகரம் மறுபடி தண்ணீரில் நின்றபோது அந்தக் கணக்கு கோபமாக மாறியது. நூறாண்டு என்றார்களே, எட்டு வருஷம்தானே ஆகிறது?

நியாயமான கேள்விதான். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. நம் ஆறுகள் பலவற்றில் முறையாக நீர் அளக்கத் தொடங்கியே ஐம்பது, அறுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. அறுபது ஆண்டு அளந்தவர் நூறாண்டு வெள்ளத்தின் அளவை எப்படிச் சொல்கிறார்? அணையின் மதகு எத்தனை, பாலம் எவ்வளவு உயரம், ஆற்றங்கரையில் எதுவரை வீடு கட்டலாம் என்பதெல்லாம் இந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

ஒரு மூட்டைப் புளியங்கொட்டை

ஒரு மூட்டை நிறையப் புளியங்கொட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கொட்டையிலும் ஓர் எண் எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கையை விட்டு ஒன்றை எடுக்கிறோம், எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுவிடுகிறோம். அந்த எண்தான் அந்த ஆண்டில் ஆற்றில் ஓடிய உச்ச வெள்ளம். நீரியலில் இதற்கு ஆண்டு உச்சம் என்று பெயர்.

மூட்டையில் நூற்றுக்கு ஒரு கொட்டையில் மட்டும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட எண் இருந்தால், அந்த அளவுதான் ‘நூறாண்டு வெள்ளம்’. எடுத்த கொட்டை மூட்டைக்கே திரும்பிப் போவதால், போன ஆண்டு அது கைக்கு வந்தது என்பதற்காக இந்த ஆண்டு வராமல் இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, அவ்வளவே. ‘மீள்வரவுக் காலம் 100 ஆண்டு’ என்று பொறியாளர்கள் எழுதும்போது சராசரியைத்தான் சொல்கிறார்கள், கால அட்டவணையை அல்ல.

நூற்றுக்கு ஒன்று என்றால் அற்பமாகத் தெரியும். ஆனால் முப்பது ஆண்டு வீட்டுக்கடன் வாங்கி ஆற்றோரம் வீடு கட்டுகிறவர், கடன் அடைந்து முடிவதற்குள் நூறாண்டு வெள்ளத்தை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒரு பங்குக்கும் மேல். நூறாண்டு முழுக்கக் காத்திருந்தால் 63 சதவீதம். மீதி 37 சதவீத வாய்ப்பில், ஒரு முழு நூற்றாண்டு அப்படியொரு வெள்ளத்தைப் பார்க்காமலே கடந்துவிடும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மூட்டைக்குள் எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. இதுவரை எடுத்த கொட்டைகளை வைத்து, உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கத்தான் முடியும். எழுபத்து நாலு முறை கைவிட்டவருக்கு அந்த நூற்றில் ஒன்று ஒருமுறைகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி. அகப்படாதவர் ‘இந்த மூட்டையில் பெரிய எண்ணே கிடையாது’ என்று நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஐந்நூற்றில் ஒன்றாக வரும் எண் தற்செயலாக முதல் ஐம்பதுக்குள் வந்துவிட்டால், மதிப்பீடு தேவைக்கு மேல் எகிறும்.

அளவுகோல் சொல்வது

ஆண்டு உச்சம் என்ற அந்த எண் எங்கிருந்து வருகிறது? ஆற்றுப் பாலத்தின் தூணில் மீட்டர், சென்டிமீட்டர் குறித்த பலகை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது காட்டுவது நீர்மட்டத்தை மட்டும். வினாடிக்கு எத்தனை கனஅடி ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, வெவ்வேறு மட்டங்களில் நீர் ஓடும்போது பாலத்திலிருந்தோ படகிலிருந்தோ நீரோட்டமானியை இறக்கி, ஆற்றின் குறுக்கே பல இடங்களில் வேகத்தை அளக்கிறார்கள். வேகத்தையும் குறுக்குப் பரப்பையும் பெருக்கினால் பாய்வளவு கிடைக்கும். இப்படிப் பலமுறை செய்து, ‘இந்த மட்டமென்றால் இவ்வளவு பாய்வு’ என்று ஒரு வளைகோடு வரைந்துவிட்டால், பிறகு மட்டத்தைப் படித்தாலே போதும்.

ஆனால் அந்த வளைகோட்டின் மேல்நுனி பெரும்பாலும் நீட்டி வரைந்ததுதான். வீடும் மரமும் அடித்துக்கொண்டு வரும் வெள்ளத்தில் யார் இறங்கி வேகம் அளப்பார்கள்? சிறு வெள்ளம் துல்லியமாக அளக்கப்படுகிறது, பெருவெள்ளம் ஊகிக்கப்படுகிறது. மிகப் பெரிய வெள்ளமோ அளவுகோலையே பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. ஜெர்மனியின் ஆர் நதிப் பள்ளத்தாக்கில் நடந்தது அதுதான்.

ஆர் பள்ளத்தாக்கு, 2021

ஆர் நதி பெரிய ஆறு அல்ல. மேற்கு ஜெர்மனியின் ஐஃபல் மேட்டுநிலத்தில் பிறந்து, தொண்ணூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம் ஓடி, சின்ட்சிக் ஊருக்கருகே ரைன் நதியில் கலக்கிறது. அதன் வடிநிலம் சுமார் 900 சதுர கிலோமீட்டர். இரு பக்கமும் செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அடியில் குறுகிய பள்ளத்தாக்கு, அதில் ஆறு, ரயில் பாதை, சாலை, ஊர்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன.

நடுவில் உள்ள ஆல்ட்டெனார் என்ற ஊரில் 1940களின் நடுப்பகுதியிலிருந்து முறையாக நீர் அளந்து வந்தார்கள். 2016ல் வந்த வெள்ளம்தான் அதில் பதிவான உச்சம்: அளவுகோலில் 3.71 மீட்டர், வினாடிக்கு 236 கனமீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 8,300 கனஅடி. எழுபது சொச்சம் ஆண்டு உச்சங்களை வரிசையாக வைத்து, அவற்றுக்குப் பொருந்தும் வளைகோட்டை நீட்டிப் பார்த்ததில் நூறாண்டு வெள்ளம் 241 கனமீட்டர் என்று வந்தது. வெள்ள அபாய வரைபடங்கள் அந்த அடிப்படையில்தான் வரையப்பட்டன.

2021 ஜூலை 14 அன்று மேட்டுநிலத்தில் மழை கொட்டியது. ஏற்கெனவே ஊறிக் கிடந்த மண், செங்குத்துச் சரிவு. தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் நேராகப் பள்ளத்தாக்குக்கு வந்தது. இரவு 8.45 மணி அளவில் ஆல்ட்டெனார் அளவி 5.75 மீட்டர் காட்டியது. அதுதான் அது அனுப்பிய கடைசி எண். அடுத்து அளவியே ஆற்றோடு போய்விட்டது. தண்ணீரோ இன்னும் பல மீட்டர் ஏறியது. மரங்களும் கார்களும் கேரவன் வண்டிகளும் பாலங்களில் சிக்கி அணைபோல அடைத்துக்கொண்டன. பாலம் உடைந்தபோது அடைபட்ட நீர் அலையாகப் பாய்ந்தது. பள்ளத்தாக்கில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வரைபடத்தில் ‘அதீத வெள்ளம்’ என்று நிறமிட்டிருந்த எல்லையையும் தண்ணீர் பல இடங்களில் தாண்டியிருந்தது.

பின்னர் சுவர்களில் இருந்த சேற்றுக் கறைகளையும் ஆற்றின் வடிவத்தையும் வைத்துக் கணக்கிட்டதில், ஓடிய நீர் வினாடிக்கு ஆயிரம் கனமீட்டரை ஒட்டி இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். நூறாண்டு வெள்ளம் என்று சொல்லப்பட்டதைப்போல நாலு மடங்கு.

‘இப்படியொன்றை இந்த ஆறு கண்டதே இல்லை’ என்று அன்று பலர் சொன்னார்கள். ஆறு கண்டிருக்கிறது. 1804 ஜூலை 21 அன்று அதே பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தில் 63 பேர் இறந்தார்கள். பாலங்கள் அநேகமாக எல்லாமே போயின. 1910 ஜூன் 13ல் மறுபடி வந்தது. அப்போது அங்கே புதிய ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்து கொட்டகைகளில் தங்கியிருந்த தொழிலாளர்கள்தான் இறந்தவர்களில் பெரும்பகுதி. குறைந்தது 52 பேர். அந்த வெள்ளத்துக்குப் பிறகு மேல்பகுதியில் வெள்ளத்தைத் தேக்கும் அணைகள் கட்டத் திட்டம் போட்டார்கள், கட்டவில்லை. 1920களில் அந்த மேட்டுநிலத்துக்கு வந்த பணம் நூர்பர்கிரிங் கார்ப் பந்தயச் சாலைக்குப் போனது.

1804 வெள்ளம் எவ்வளவு பெரியது என்பதும் தெரியாத விஷயமல்ல. பான் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்கள் தாமஸ் ரோகன்காம்ப், யூர்கன் ஹெர்கெட் இருவரும் அதைக் கணக்கிட்டு 2014லேயே ஆய்விதழில் வெளியிட்டிருந்தார்கள். 1910ல் ஓடியது ஏறத்தாழ 500 கனமீட்டர், 1804ல் ஓடியது ஆயிரத்துக்கும் மேல் என்பது அவர்கள் கண்டது. 2021க்கு ஏழு ஆண்டு முன்பு இந்த எண்கள் அச்சில் இருந்தன. நூறாண்டு வெள்ளத்தைச் சொன்ன கணக்கில்தான் அவை இல்லை.

கறையிலிருந்து கனமீட்டருக்கு

இருநூறு ஆண்டுக்கு முந்தைய வெள்ளத்தை, யாரும் அளக்காத ஒன்றை, எப்படி எண்ணாக்குகிறார்கள்?

முதல் ஆதாரம் வெள்ளக் குறி. ஐரோப்பாவின் ஆற்றங்கரை ஊர்களில் தேவாலயச் சுவரிலும் வீட்டு வாசற்கல்லிலும் ஒரு கோடு வெட்டி, ஆண்டையும் பொறித்து வைப்பது பழைய வழக்கம். இரண்டாவது, எழுத்து: தேவாலயப் பதிவேடு, வரி தள்ளுபடி கேட்ட மனு, சேதக் கணக்கு, செய்தித்தாள். ‘மில்லின் ஜன்னல்வரை ஏறியது’ என்று ஒருவர் எழுதியிருந்து, அந்த மில்லின் அடித்தளம் இன்றும் இருந்தால், அதுவும் ஓர் அளவுதான்.

குறியை அப்படியே நம்பிவிட முடியாது. ஓடும் நீர் சுவரில் மோதும்போது, ஆறு வரும் பக்கத்தில் உயரமாக ஏறும், எதிர்ப்பக்கத்தில் தாழ்ந்து நிற்கும். ஒரே வீட்டின் இரண்டு சுவர்களில் ஒரே வெள்ளத்தின் கறை வெவ்வேறு உயரத்தில் இருக்கும். கோடு எந்தச் சுவரில் போடப்பட்டது என்பது முக்கியம். வீட்டை இடித்துக் கட்டியபோது குறிக்கல்லைப் பெயர்த்துப் புதுச் சுவரில் வசதியான இடத்தில் பதித்திருப்பார்கள். தெருவே உயர்ந்திருக்கும். அதனால் ஒரு குறியை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில்லை. ஆற்றோரமாக அடுத்தடுத்த ஊர்களின் குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் நீர்ப்பரப்பின் சாய்வு கிடைக்கும். சாய்வுக்கு ஒவ்வாமல் துருத்திக்கொண்டு நிற்கும் குறி தவறானது என்று ஒதுக்கலாம்.

இனி மூன்று விஷயங்கள் தேவை. பழைய நில வரைபடங்களையும் இன்றைய சர்வேயையும் வைத்து, அந்தக் காலத்தில் ஆற்றின் குறுக்குவெட்டு எப்படி இருந்தது என்று வரைகிறார்கள். நீர்ப்பரப்பின் சாய்வு ஏற்கெனவே கையில் இருக்கிறது. மூன்றாவது சொரசொரப்பு: கரையில் புல்வெளியா, புதரா, வேலியா, தோட்டமா என்பதைப் பொறுத்து நீரின் வேகம் குறையும். இந்த மூன்றும் தெரிந்தால் சராசரி வேகம் வரும், வேகத்தோடு பரப்பைப் பெருக்கினால் பாய்வளவு. முறை சரிதானா என்று பார்க்க, கருவியால் அளந்த அண்மை வெள்ளம் ஒன்றுக்கு இதே கணக்கைப் போட்டு, வரும் விடையைக் கருவியின் விடையோடு ஒப்பிடுவார்கள்.

மட்டத்தை மட்டும் ஒப்பிடாமல் பாய்வளவுவரை ஏன் போக வேண்டும்? ஆறு குறுகிப்போயிருந்தால், அன்று ஓடிய அதே நீர் இன்று இன்னும் உயரமாக நிற்கும். கரையில் சுவர் எழுந்திருந்தாலும், புதுப் பாலத்தின் தூண்கள் நின்றாலும் அப்படித்தான். ‘தாத்தா காலத்தில் திண்ணைவரை வந்தது, இப்போது ஜன்னல்வரை வந்தது, ஆகவே இது பெரிய வெள்ளம்’ என்ற வாதம் தவறாகிவிடலாம்.

இந்த மதிப்பீட்டில் பிழை இருக்கும். இருபது, முப்பது சதவீதம்கூட இருக்கலாம். அதை வைத்துத்தான் பல பொறியாளர்கள் பழைய வெள்ளங்களைக் கணக்கில் சேர்க்கத் தயங்கினார்கள். கருவி அளக்காத எண்ணைக் கருவியின் எண்களோடு கலப்பதா என்று. ஆர் நதியில் இதன் விலை என்ன என்று பாருங்கள். ஆயிரத்தில் முந்நூறு பிழை என்றே வைத்துக்கொண்டாலும் எழுநூறு மிச்சம். துல்லியமாக அளந்த எண்களிலிருந்து வந்த விடையோ 241. அதோடு 2021 வெள்ளத்தின் எண்ணும் கருவி தந்ததல்ல. அளவி போன பிறகு, 1804க்குக் கையாண்ட அதே வழியில், கறையையும் குறுக்குவெட்டையும் வைத்துத்தான் அதுவும் வந்தது. மிகப் பெரிய வெள்ளங்களைப் பொறுத்தவரை நமக்கு எப்போதும் இருப்பது இந்த வகை ஆதாரம்தான்.

பதிவு இல்லாததும் பதிவுதான்

சரி, பழைய வெள்ளங்களைச் சேர்க்கலாம் என்று முடிவாகிறது. எப்படிச் சேர்ப்பது? ஆல்ட்டெனார் கருவிப் பதிவின் 74 எண்களோடு 1804, 1910 என்ற இரண்டையும் போட்டு 76 என்று கணக்கிட்டால், முன்பு குறைத்து மதிப்பிட்டது போய் இப்போது கூட்டி மதிப்பிடுவோம். ஏனென்றால் அந்த இரண்டும் இரண்டே ஆண்டுகளில் வந்தவை அல்ல. நூற்று நாற்பது சொச்சம் ஆண்டுகளிலிருந்து பொறுக்கி எடுத்தவை.

மூட்டைக்கே திரும்புவோம். நம் முன்னோர்களும் ஆண்டுதோறும் கொட்டை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சின்ன எண் வந்தால் எழுதி வைக்காமல் மறந்துவிட்டார்கள். பெரிய எண் வந்தபோது மட்டும் சுவரில் கீறினார்கள், அதுவும் கொஞ்சம் மங்கலாக. எவ்வளவு பெரிதாக இருந்தால் கீறுவார்கள்? தண்ணீர் வீட்டுக்குள் வந்தால், பாலம் போனால், ஆள் இறந்தால் எழுதுவார்கள். கரைக்குள்ளேயே ஓடிப் போனால் எழுத மாட்டார்கள். இந்த எல்லைக்குக் கவனிப்பு வரம்பு என்று பெயர் வைக்கலாம்.

வரம்பு தெரிந்துவிட்டால் எழுதப்படாத ஆண்டுகளும் பேசத் தொடங்குகின்றன. ஓர் ஊரில் பதிவேடு தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்து, ஓர் ஆண்டில் வெள்ளத்தைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால், அந்த ஆண்டின் உச்சம் வரம்புக்குக் கீழே இருந்தது என்று பொருள். எண் தெரியாது, ஆனால் ‘இதற்குக் கீழ்’ என்று தெரியும். புள்ளியியலுக்கு அதுவே போதுமான தகவல். 74 ஆண்டுக் கணக்கு, இப்படி இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட கணக்காக விரிகிறது. அமெரிக்காவில் அரசு அமைப்புகள் பின்பற்றும் வெள்ளக் கணிப்பு வழிகாட்டி ‘புல்லட்டின் 17சி’ என்ற பெயரில் 2018ல் புதுப்பிக்கப்பட்டபோது, இந்த முறை அதில் முழுமையாக இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2007ல் கொண்டுவந்த வெள்ள நெறிமுறையும், அபாய மதிப்பீட்டின் முதல் படியாகக் கடந்தகால வெள்ளங்களைத் தொகுக்கச் சொல்கிறது.

இதிலும் கவனம் தேவை. கணக்கை 1804லிருந்து தொடங்கினால், பெருவெள்ளம் வந்ததால்தான் அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தோம் என்றாகிவிடும். அது வெள்ளத்துக்குச் சாதகமாகத் தராசைச் சாய்ப்பது. நம்பத்தகுந்த பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறதோ அங்கிருந்து எண்ண வேண்டும். போர், பஞ்சம், ஊர் இடம்பெயர்ந்த காலம் என்று எழுத ஆளில்லாத ஆண்டுகளைக் கழித்துவிட வேண்டும். யாரும் எழுதாததும் எழுத எதுவும் இல்லாததும் ஒன்றல்லவே.

2021க்குப் பிறகு, பழைய வெள்ளங்களையும் சேர்த்து ஆல்ட்டெனாருக்கு மறுபடி கணக்குப் போட்டார்கள். நூறாண்டு வெள்ளம் 241 கனமீட்டரிலிருந்து 434 ஆனது. ஆற்றின் இயல்பு ஒரே இரவில் மாறியதால் வந்த மாற்றமல்ல இது. மூட்டையைப் பற்றி நாம் முன்பு குறைவாக அறிந்திருந்தோம் என்பதுதான் காரணம்.

எழுத்துக்கு முன்பு, வண்டல்

சுவரும் பதிவேடும் இல்லாத இடத்தில் ஆறே எழுதி வைத்திருக்கும். குறுகிய பாறை இடுக்கில் பெருவெள்ளம் ஓடும்போது, பக்கத்தில் இருக்கும் குகையிலும் கிளை ஓடையின் வாயிலும் நீர் தேங்கி நிற்கும். தேங்கிய இடத்தில் மெல்லிய மணலும் வண்டலும் படியும். அடுத்த பெருவெள்ளம் அதன்மேல் இன்னோர் அடுக்கைப் படியவைக்கும். இதைத் தேங்குநீர் வண்டல் என்கிறோம். அடுக்கின் உயரம், வெள்ளம் குறைந்தது எதுவரை எட்டியது என்று சொல்லும். அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய கரித்துண்டைக் கார்பன் முறையிலும், மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளித்தூண்டல் முறையிலும் கணித்து வயது சொல்லிவிடலாம்.

இந்தியாவில் இதற்குப் பேர்பெற்ற இடம் நர்மதை. புனேயைச் சேர்ந்த விஸ்வாஸ் காலேயும், இந்தத் துறையை வளர்த்த அமெரிக்கப் புவியியலாளர் விக்டர் பேக்கரும் அவர்களின் கூட்டாளிகளும், நர்மதையின் பாறை இடுக்குகளில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான வெள்ள வரலாற்றைப் படித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் முக்கியமானது: பெருவெள்ளங்கள் காலத்தில் சீராகப் பரவிக் கிடக்கவில்லை. சில நூற்றாண்டுகளில் கொத்தாக வருகின்றன, சில நூற்றாண்டுகளில் அரிதாகின்றன. அமைதியான காலத்தில் அளக்கத் தொடங்கியவருக்கு ஆறு சாதுவாகத்தான் தெரியும்.

காவிரியின் 1924

பழைய வெள்ளத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதற்கு நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1924 ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு புறமும் மழை அடித்து ஊற்றியது. மலையாளக் கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதற்குத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று பெயர். மூணாறில் இருந்த சிறு ரயில் பாதை அதில் அழிந்து, மறுபடி போடப்படவே இல்லை. கிழக்கே, காவிரியில் வினாடிக்குச் சுமார் நாலரை லட்சம் கனஅடி வந்தது.

அடுத்த ஆண்டு, 1925ல், மேட்டூர் அணை வேலை தொடங்கியது. அணையிலிருந்து எவ்வளவு உபரிநீரைப் பத்திரமாக வெளியேற்ற வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வெள்ளமே அளவாயிற்று. இன்று செய்திகளில் ‘16 கண் மதகு திறக்கப்பட்டது’ என்று படிக்கிறோமே, பொறியாளர் எல்லிஸின் பெயரால் அழைக்கப்படும் அந்த உபரிநீர்ப் போக்கி 1924ஐத் தாங்கும்படி அமைந்தது. அணை 1934ல் முடிந்தது.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து சுமார் இரண்டு லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். 1924ல் வந்ததில் பாதிகூட இல்லை. அந்த நாட்களில்தான் முக்கொம்பில், 1836ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. கரையோரத்து வீடுகளில் தண்ணீர் ஏறியது. அதே மாதம் கேரளத்தில் பெய்த மூன்று நாள் மழையை ஆராய்ந்த மத்திய நீர் ஆணையம், அது 1924 ஜூலை மழையோடு ஒப்பிடத்தக்கது என்று எழுதியது. அதாவது 2018 புதுமையானது அல்ல. ஆனால் இடைப்பட்ட 94 ஆண்டுகளில், நேரில் கண்டவர்கள் இறந்துபோய், ஆறு காலியாக விட்டிருந்த இடத்தில் நாம் குடியேறியிருந்தோம். வெள்ளத்தின் அளவு ஒரு பாதி என்றால், அதன் வழியில் எவ்வளவு உயிரும் உடைமையும் நிற்கின்றன என்பது இன்னொரு பாதி. இரண்டையும் சேர்த்துத்தான் வெள்ள இடர் என்கிறோம். முதல் பாதி மாறாமல் இருந்தாலும் இரண்டாவது மட்டும் வளர்ந்து இடரைப் பெருக்கிவிடும்.

மூட்டையே மாறினால்?

இந்தக் கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தில் நிற்கிறது: நேற்றைய மூட்டைதான் இன்றும் இருக்கிறது. அது உண்மைதானா? அணை கட்டினால், கீழே இருப்பவர் எடுக்கும் கொட்டையின் எண்ணை அணை அடித்துத் திருத்திவிடுகிறது. ஆகவே 1934க்கு முந்தைய காவிரி எண்களையும் பிந்தைய எண்களையும் அப்படியே ஒரு வரிசையில் வைக்கக்கூடாது. அணை பிடித்து வைத்த நீரைக் கூட்டி, இயற்கையாக வந்திருக்கக்கூடிய வெள்ளத்தை முதலில் கணிக்க வேண்டும். ஏரி தூர்ந்தாலும், வயல் தெருவானாலும் இதே கதை.

காலநிலையும் மாறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆர் பள்ளத்தாக்கு உள்ளிட்ட பகுதியில் 2021ல் கொட்டிய மழையை உலக வானிலைக் காரணி ஆய்வுக் குழு ஆராய்ந்து, புவி வெப்பமடைந்ததால் அப்படிப்பட்ட மழையின் தீவிரம் 3 முதல் 19 சதவீதம்வரை கூடியிருக்கிறது என்றது. மூட்டையில் யாரோ பெரிய எண்களைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

‘அப்படியானால் 1804 எதற்கு, எல்லாம்தான் மாறிவிட்டதே’ என்று கேட்கலாம். நான் இதை மறுபக்கமாகப் பார்க்கிறேன். புவி சூடாவதற்கு முன்பே, பெரிய எண்கள் குறைவாக இருந்த மூட்டையிலிருந்தே, ஆயிரம் கனமீட்டர் வந்திருக்கிறது. சூடான காலத்தில் அதற்குக் குறைவாகத் திட்டமிட என்ன நியாயம்? காலநிலை மாதிரிகள் இன்னும் ஒரு சிறு வடிநிலத்தின் வெள்ளத்தைத் திட்டவட்டமாகச் சொல்லும் நிலைக்கு வரவில்லை. நடந்துவிட்ட வெள்ளம் குறைந்தபட்ச எல்லையைக் காட்டுகிறது. அதன்மேல் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்குத்தான் மாதிரிகள்.

மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள அறிக்கையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம், உச்ச வெள்ள மட்டம் என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றாவதன் பக்கத்தில் தேதியும் இருக்கும். உங்கள் ஊர் ஆற்றுக்கான வரியைத் தேடிப் பார்த்து, இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த நிலையம் எந்த ஆண்டு தொடங்கியது? அதற்கு முன்பு ஊரில் பேசப்பட்ட வெள்ளம் எது? கோயில் படிக்கட்டு, பழைய சத்திரத்துச் சுவர், ரயில்வே பாலத்தின் தூண், மாவட்டக் கெசட்டியர், கிராமக் கணக்கு என்று இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

அடுத்த வெள்ளத்துக்கும் இதே விதி. தண்ணீர் வடிந்ததும் நாம் முதலில் செய்வது சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பது. கழுவுவதற்கு முன்பு கறை நின்ற இடத்தில் ஒரு கோடு, தேதி, நேரம், சுவர் ஆற்றைப் பார்த்த பக்கமா இல்லையா என்ற குறிப்பு, அக்கம்பக்கத்தில் அப்படிப் பத்துக் கோடு. அவற்றின் உயரத்தைச் சர்வே மட்டத்தோடு இணைத்து ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் ஏற்றிவிட்டால், கருவி இல்லாத ஆற்றுக்கும் ஆண்டு உச்சம் கிடைத்துவிடும். செலவு மிகச் சொற்பம். எழுதாமல் விட்டால், ஐம்பது ஆண்டு கழித்து அதே ஆற்றுக்குப் பாலம் போடுகிறவர், அப்படியொரு வெள்ளம் வந்ததே இல்லை என்றுதான் கணக்குப் போடுவார்.